பயணத்துக்குக் காம்பேக்டா, எஸ்.எல்.ஆரா? ஹம்பியை வைத்து ஒரு கணக்கு

ஊர் சுற்றுவதற்காகக் கேமரா வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கடையில் நின்றுகொண்டுதான் முடிவெடுக்கிறார்கள். கடைக்காரர் ஒரு எஸ்.எல்.ஆரை, அதாவது உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய பெரிய கேமராவைக் கையில் கொடுப்பார். பிடி கனமாக, கைக்கு அடக்கமாக இருக்கும். பொத்தானை அழுத்தினால் உள்ளே கண்ணாடி எழுந்து விழும் சத்தம் கேட்கும். இதுதான் கேமரா என்று தோன்றிவிடும். பக்கத்தில் இருக்கும் காம்பேக்ட், லென்ஸ் உடம்போடு ஒட்டியே இருக்கும் சின்னக் கேமரா, பொம்மை மாதிரித் தெரியும். நானும் அப்படித்தான் வாங்கினேன். அந்தக் கேமராவோடு ஹம்பியில் நாலு நாள் சுற்றிய பிறகுதான், இந்த முடிவை வீட்டில் உட்கார்ந்து, ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு எடுத்திருக்க வேண்டும் என்று புரிந்தது.

அந்த வீட்டுக் கணக்கை எப்படிப் போடுவது என்று படிப்படியாகச் சொல்கிறேன். உதாரணத்துக்கு ஹம்பியையே எடுத்துக்கொள்கிறேன். ஹொசபேட்டையில் ரயில் இறங்கி ஆட்டோ பிடித்தால் 13 கிலோமீட்டர். ஒரு கேமராவுக்கு வரக்கூடிய எல்லாச் சோதனையும் அந்த ஊரைச் சுற்றியே இருக்கிறது. விடியுமுன் ஏற வேண்டிய மலை, இருட்டு மண்டபம், பரிசல் ஓடும் ஆறு, கடைத்தெரு, கொஞ்சம் தள்ளி ஒரு கரடிக் காடு. நீங்கள் போகப்போவது வேறு ஊர் என்றால் அந்த ஊரை இதே கணக்கில் போட்டுப் பாருங்கள்.

படி 1: போனில் இருக்கும் பழைய படங்களைப் பிரியுங்கள்

போன பயணத்தில் எடுத்த படங்களை எல்லாம் திறந்து, மனதுக்குள் மூன்று கட்டாகப் பிரியுங்கள். போனில் எடுத்ததே போதும் என்று இருப்பவை ஒரு கட்டு. தூரத்தில் இருந்ததை விரலால் இழுத்துப் பெரிதாக்கி, வண்ணப்பொட்டுகளாகச் சிதறிப்போனவை இரண்டாவது. வெளிச்சம் போதாமல் கலங்கியவை மூன்றாவது. எண்ணிக்கையைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலைதான். ஆனால் எந்த விளம்பரமும் சொல்லாத விஷயத்தை இது சொல்லிவிடும்: உங்களுக்கு என்ன குறைகிறது என்பதை.

முதல் கட்டிலேயே முக்கால்வாசிப் படங்கள் விழுந்தால் கேமரா வாங்க வேண்டாம். அந்தப் பணத்துக்கு இன்னொரு ஊர் பார்த்துவிடலாம். இதை மனதாரச் சொல்கிறேன். இரண்டாவது கட்டு பெரிதாக இருந்தால் உங்களுக்குத் தேவை ஜூம். மூன்றாவது பெரிதாக இருந்தால் தேவை வெளிச்சம் வாங்கும் சக்தி. இவை இரண்டும் வேறு வேறு கேமராக்களிடம் கொண்டுபோய் விடும்.

படி 2: துளையும் சுவரும்

ஹம்பி விரூபாட்சர் கோயிலில், கருவறைக்குப் பின்பக்கம் ஒரு சிறிய இருட்டறை இருக்கிறது. அதன் சுவரில் ஒரு துளை. வெளியே நிற்கும் ஒன்பது நிலை ராஜகோபுரத்தின் உருவம் அந்தத் துளை வழியாக வந்து, எதிர்ச் சுவரில் தலைகீழாக விழுகிறது. லென்ஸ் இல்லை, மின்சாரம் இல்லை. கேமரா என்பது அடிப்படையில் அவ்வளவுதான்: ஒளி வர ஒரு துளை, ஒளி விழ ஒரு சுவர்.

கேமராவில் துளைக்கு அப்பர்ச்சர் என்று பெயர். எஃப் 1.8, எஃப் 2.8, எஃப் 5.6 என்று லென்ஸின் மேல் எழுதியிருப்பது இதைத்தான். எண் சிறிதானால் துளை பெரிது. எஃப் 2.8 துளை, எஃப் 5.6 துளையைவிட நாலு மடங்கு ஒளியை உள்ளே விடும். சுவருக்குப் பெயர் சென்சார். சுவர் பெரிதாக இருந்தால் மொத்தமாக அதிக ஒளி சேரும், இருட்டில் எடுத்த படத்தில் பொட்டுகள் குறையும்.

சுவர்களின் அளவைப் பாருங்கள். சாதாரணச் சின்னக் காம்பேக்டில் சென்சார் ஏறத்தாழ 6.2க்கு 4.6 மில்லிமீட்டர். 'ஒரு அங்குல சென்சார்' என்று விற்கும் உயர்வகைக் காம்பேக்டில் 13.2க்கு 8.8 மில்லிமீட்டர். அந்த ஒரு அங்குலம் பழைய டிவி கேமராக் குழாய்களின் அளவிலிருந்து வந்த பெயர், ஸ்கேல் வைத்து அளந்தால் வராது. கேனான் நிறுவனத்தின் ஆரம்பநிலை எஸ்.எல்.ஆர்களில் 22.3க்கு 14.9 மில்லிமீட்டர். பரப்பளவைப் பெருக்கிப் பார்த்தால், ஒரு அங்குலம் சின்னக் காம்பேக்டைப் போல நாலு மடங்கு, எஸ்.எல்.ஆர். ஏறக்குறைய பன்னிரண்டு மடங்கு.

இதை மட்டும் பார்த்தால் எஸ்.எல்.ஆர்தான் வெல்லும் என்று தோன்றும். கடையில் எனக்கும் இதை மட்டும்தான் சொன்னார்கள். துளையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் கதை மாறுகிறது. எஸ்.எல்.ஆரோடு பெட்டியில் வரும் 18-55 கிட் லென்ஸ், முழு ஜூமில் எஃப் 5.6 வரைதான் திறக்கும். (18-55 என்பது மி.மீ. கணக்கு: எண் சிறிதானால் அகலமான காட்சி, பெரிதானால் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்.) கேனான் ஜி7எக்ஸ் மார்க் 2 என்ற ஒரு அங்குலக் காம்பேக்ட் 2016-இல் வந்தது. அது அகலக் கோணத்தில் எஃப் 1.8, முழு ஜூமில் எஃப் 2.8. துளையில் நாலு மடங்கு லாபம், சுவரில் மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவான நஷ்டம். ஆக, இருட்டு மண்டபத்துக்குள் கிட் லென்ஸ் மாட்டிய எஸ்.எல்.ஆரும் இந்தச் சட்டைப்பைக் கேமராவும் ஏறக்குறைய ஒரே தரத்தில் நிற்கின்றன. காம்பேக்ட் ஒரு இம்மி முன்னால் என்றுகூடச் சொல்லலாம்.

எஸ்.எல்.ஆர். முந்துவது லென்ஸை மாற்றும்போதுதான். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் 160 கிராம்தான், லென்ஸ்களிலேயே விலை குறைந்தவற்றில் ஒன்று. அதை மாட்டினால் காம்பேக்ட் பின்தங்கிவிடும். முகத்தைக் கூர்மையாக வைத்துப் பின்னணியைப் பஞ்சாக மாற்றும் படங்களும் அப்போதுதான் கிடைக்கும். ஆனால் மண்டபத்துக்குள் அது ரொம்ப நெருக்கமான கோணம், ஒரு தூண்கூட முழுதாக அடங்காது. அங்கே 24 மி.மீ. எஃப் 2.8 உதவும். தட்டையான லென்ஸ், 125 கிராம்.

இந்தப் படியில் தாளில் எழுத வேண்டியது ஒரே ஒரு கேள்விக்கான பதில்: கிட் லென்ஸைத் தாண்டி இன்னொரு லென்ஸ் வாங்குவேனா, வாங்கினால் பயணத்தில் மாற்றி மாற்றி மாட்டுவேனா? இல்லை என்று பதில் வந்தால் எஸ்.எல்.ஆர். வாங்குவதற்கான காரணத்தில் பாதி அங்கேயே போய்விடுகிறது.

படி 3: ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலோடு ஒரு நாள்

எடையைக் காகிதத்தில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கேனான் 200டி மார்க் 2 பேட்டரியோடு 449 கிராம். எஸ்.எல்.ஆர்களில் இது மிக லேசான வகை. கிட் லென்ஸ் 215, தூரத்துக்கான 55-250 லென்ஸ் 375. கூட்டினால் 1,039 கிராம். பை, சார்ஜர், உபரி பேட்டரி சேர்த்தால் ஒன்றரைக் கிலோவை நெருங்கும். முன் சொன்ன ஜி7எக்ஸ் மார்க் 2 மொத்தமே 319 கிராம்.

சரி, ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிரப்பி, தோளில் குறுக்காக மாட்டும் பையில் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து மாலைவரை வெளியே சுற்றுங்கள். பக்கத்தில் படியேறும் மலைக்கோயில் இருந்தால் ஏறுங்கள். சாப்பிட உட்காரும்போதும் கழிப்பறை போகும்போதும் அந்தப் பை உங்கள் கூடவே இருக்க வேண்டும், கண்ணை விட்டு நகரக் கூடாது. மாலையில் தோள் என்ன சொல்கிறது என்று பாருங்கள். வயதும் உடம்பும் ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. எனக்குப் பொருட்டாக இருந்தது. ஹம்பியில் மூன்றாம் நாள் கேமராவை அறையில் வைத்துப் பூட்டிவிட்டு வெறுங்கையோடு ஆற்றங்கரைக்குப் போனேன். அன்றைக்கு ஒரு பரிசல்காரர், கல்யாணத்துக்குப் போகும் ஒரு குடும்பத்தை நிறைய பூவோடு அக்கரைக்கு ஏற்றிக்கொண்டு போனார். அந்தப் படம் என்னிடம் இல்லை.

படி 4: ஊரை ஐந்து காட்சிகளாகப் பிரித்துப் பாருங்கள்

நீங்கள் போகும் இடத்தில் நிச்சயம் எடுக்க விரும்பும் ஐந்து காட்சிகளை எழுதி, ஒவ்வொன்றிலும் எந்தக் கேமரா வசதி என்று யோசியுங்கள். ஹம்பிக்கு என் பட்டியல் இது.

மதங்க மலையில் விடியல். இருட்டில் டார்ச் வைத்துக்கொண்டு செங்குத்தான கற்படிகளில் ஏற வேண்டும். சில இடங்களில் இரண்டு கையும் பாறையைப் பிடிக்கக் கேட்கும். கழுத்தில் தொங்கும் எஸ்.எல்.ஆர். பாறையில் இடிக்கும், அதனால் ஏறும்போது முதுகுப்பைக்குள்தான் இருக்க வேண்டும். மேலே போனதும் காற்று பலமாக இருந்தது. அங்கே நான் லென்ஸ் மாற்றினேன். உள்ளே போன ஒரு தூசி, அதற்குப் பிறகு எடுத்த ஒவ்வொரு வானத்திலும் ஒரு கறுப்புப் புள்ளியாக உட்கார்ந்துவிட்டது. எஸ்.எல்.ஆர். வாங்கினால் காற்றடிக்கும் இடத்தில் லென்ஸைக் கழற்றாதீர்கள். வேறு வழியே இல்லை என்றால் காற்றுக்கு முதுகைக் காட்டி, கேமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, சட்டென்று மாற்றுங்கள். தூசியை ஊதித் தள்ளும் ரப்பர் ஊதுபந்து ஒன்று பையில் இருக்கட்டும். காம்பேக்டில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் நீண்டு சுருங்கும் லென்ஸ் வழியாகத் தூசி உள்ளே போய்விட்டால் நாமே சுத்தம் செய்ய முடியாது, பழுதுபார்ப்பவரிடம்தான் போக வேண்டும்.

விரூபாட்சர் கோயில் மண்டபமும் கோபுரமும். இருட்டைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். கோபுரத்துக்கு வேண்டியது அகலம். கிட் லென்ஸின் 18 மி.மீ., கேனான் எஸ்.எல்.ஆரில் பழைய ஃபிலிம் கணக்குப்படி 29 மி.மீ. கோணம். ஜி7எக்ஸ் 24-இல் தொடங்குகிறது. ஐந்து மில்லிமீட்டர்தானே என்று நினைக்க வேண்டாம். கோபுரத்தின் அடியில் நின்று கலசம் வரை அடக்கப் பார்த்தால், 29-க்குக் கடைத்தெருவில் இன்னும் பல அடி பின்னால் போக வேண்டியிருக்கும். முக்காலியை நம்பித் திட்டம் போடாதீர்கள். தொல்லியல் துறையின் நினைவுச் சின்னங்களில் முக்காலிக்கு முன் அனுமதி வேண்டும்.

நடுப்பகலில் விட்டலர் கோயில் கல்தேர். இங்கே எஸ்.எல்.ஆர். தெளிவாக முந்துகிறது. வெயிலில் காம்பேக்டின் திரை வெளுத்துவிடும், தேரின் சக்கரம் படத்துக்குள் இருக்கிறதா என்றுகூடத் தெரியாது. கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் எல்லா எஸ்.எல்.ஆரிலும் உண்டு, ஜி7எக்ஸில் இல்லை. சோனி ஆர்எக்ஸ்100 வரிசையில் 2014-இல் வந்த மூன்றாவது மாடலிலிருந்து, மேலே எழும்பும் சின்ன வியூஃபைண்டர் இருக்கிறது. வெயில் ஊர்களுக்குப் போகிறவர்கள் காம்பேக்ட் வாங்கினால் இது இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

பரிசலும் கடைத்தெருவும். தண்ணீர் தெறிக்கும் இடத்தில் காம்பேக்டை ஜிப் உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். கடைத்தெருவில் வித்தியாசம் வேறு மாதிரி. பெரிய கேமராவைத் தூக்கியதும் பூக்காரம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு நேராக உட்கார்ந்துவிடுவார், நாலு பேர் 'எந்தப் பத்திரிகை' என்று கேட்பார்கள். சின்னக் கேமராவை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, வேலை அது பாட்டுக்கு நடக்கும். கேமரா சின்னது என்பதற்காகக் கேட்காமல் எடுக்கக் கூடாது. சிரித்து, கையால் ஜாடை காட்டிக் கேட்டுவிட்டு எடுங்கள், எடுத்ததைக் காட்டுங்கள்.

தரோஜி கரடிகள். ஹம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தச் சரணாலயம் 1994-இல் தொடங்கியது. பாறைகளில் வெல்லக் கலவையைத் தடவிவைப்பார்கள். பிற்பகல் சாய்ந்த பிறகு கரடிகள் வந்து நக்கித் தின்பதைக் காட்சிக் கோபுரத்தில் இருந்து பார்க்கலாம். தூரம் அதிகம், வெளிச்சமும் குறைந்துகொண்டே வரும். 55-250 லென்ஸ் கேனானில் 400 மி.மீ. போலச் செயல்படும், கரடி சின்னதாகத் தெரிந்தாலும் படம் சுத்தமாக இருக்கும். கேனான் எஸ்எக்ஸ்740 மாதிரி ஜூம் காம்பேக்ட் 299 கிராமில் 960 மி.மீ. வரை போகும். நல்ல வெயிலில் அது அற்புதம். ஆனால் முழு ஜூமில் எஃப் 6.9, சென்சாரும் மிகச் சின்னது, மாலையில் படம் பிசிறடிக்கும். ஒரு அங்குலக் காம்பேக்டுகளில் பலவும் இங்கே கைகொடுக்காது. பறவை, விலங்குதான் உங்கள் பயணத்தின் நோக்கம் என்றால் மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம், லென்ஸ் மாற்றும் கேமராவுக்குப் போங்கள்.

பேட்டரியை மறக்கக் கூடாது. 200டி மார்க் 2 வியூஃபைண்டர் வழியாக எடுத்தால் ஒரு சார்ஜில் சுமார் 1,070 படங்கள், ஜி7எக்ஸ் மார்க் 2 சுமார் 265. காம்பேக்ட் வாங்கினால் உபரி பேட்டரி ஒன்றையும் அதன் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். பல காம்பேக்டுகளை ரயிலிலேயே பவர் பேங்கில் செருகி ஏற்றிக்கொள்ளலாம் என்பது ஒரு ஆறுதல். எஸ்.எல்.ஆருக்கு வழக்கமாகத் தனிச் சார்ஜரும் சுவர்ப் பிளக்கும் வேண்டும்.

படி 5: மூன்றாவது வழி

கேனானும் நிக்கானும் புதிய எஸ்.எல்.ஆர்களை உருவாக்குவதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டு மிரர்லெஸ் பக்கம் போய்விட்டன. உள்ளே கண்ணாடி இல்லாததால் உடம்பு ஒல்லி, சென்சார் எஸ்.எல்.ஆர். அளவே. 2023-இல் வந்த கேனான் ஆர்50 375 கிராம், அதன் 18-45 லென்ஸ் 130 கிராம், மொத்தம் அரைக் கிலோ. புதிதாக வாங்கப் பணம் இருந்து, லென்ஸ் மாற்றும் ஆசையும் இருந்தால் இன்றைக்கு எஸ்.எல்.ஆரைவிட இதுவே பொருத்தம் என்பது என் கருத்து. கிட் லென்ஸ் பற்றிச் சொன்ன கணக்கு இதற்கும் அப்படியே பொருந்தும்.

பட்ஜெட் குறைவு, படம் எடுக்கக் கற்றுக்கொள்ளவும் வேண்டும் என்றால் பழைய எஸ்.எல்.ஆர். நல்ல வழி. எல்லோரும் மிரர்லெஸ்ஸுக்கு மாறுவதால் செகண்ட் ஹேண்டில் நிறைய வருகிறது.

படி 6: வாங்கும் முன் வாடகைக்கு எடுங்கள்

பெரிய ஊர்களில் கேமராவும் லென்ஸும் நாள் வாடகைக்குக் கிடைக்கும். தாளில் எழுதிய கணக்கு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தக் கேமராவை ஒரு சனி, ஞாயிறு வாடகைக்கு எடுத்து, உள்ளூர்க் கோயில் பிராகாரத்திலும் மாலைக் கடைத்தெருவிலும் பயன்படுத்திப் பாருங்கள். கோயிலுக்குள் கேமரா அனுமதி உண்டா என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து படங்களைப் பெரிய திரையில் பாருங்கள். படம் எப்படி இருக்கிறது என்பதோடு, இரண்டு நாளில் எத்தனை முறை கேமராவை வெளியே எடுத்தீர்கள் என்பதையும் எண்ணுங்கள். நான் அதிகம் நம்புவது இந்த இரண்டாவது எண்ணைத்தான்.

செகண்ட் ஹேண்ட் வாங்கினால் மூன்று விஷயம் பாருங்கள். லென்ஸின் பின்பக்கம் டார்ச் அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை மாதிரி இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை, வாங்க வேண்டாம். சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் இது சீக்கிரம் பிடிக்கும். அப்புறம், ஷட்டர் (ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் திரை) எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்ற எண்ணிக்கையைக் கேளுங்கள். கடைசியாக, வெள்ளைச் சுவரை எஃப் 16-இல் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், சென்சாரில் தூசி இருந்தால் புள்ளியாகத் தெரியும். புதிதாக வாங்குகிறவர்கள் இந்திய உத்தரவாத அட்டையும் பில்லும் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

எது வாங்கினாலும் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் புதிது போடுங்கள். தோல் உறைக்குள் பூட்டி பீரோவில் வைப்பதுதான் பூஞ்சைக்குப் பிடித்த இடம்.

நான் இப்போது பயணத்துக்கு ஒரு அங்குலக் காம்பேக்டும் இரண்டு பேட்டரியும் எடுத்துப்போகிறேன். வேடந்தாங்கல் போகும் மாதங்களில் மட்டும் பழைய எஸ்.எல்.ஆரும் 55-250 லென்ஸும் டப்பாவிலிருந்து வெளியே வரும். ஹம்பிக்கு இரண்டாம் முறை போனபோது காம்பேக்ட் மட்டும்தான். நாலு நாளும் அது சட்டைப்பையிலேயே இருந்தது, அறையில் பூட்டிவைக்க ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.